நீலவால் வந்த நாள்கள்

அலாரம் அலறியபோது மெக்கானிக் கீழ்த்தளக் குழாயடியில் கை கழுவிக்கொண்டிருந்தார்.

பாதி கிரீஸ் போன கையோடு அப்படியே நின்றுவிட்டார். முப்பத்தொரு வருஷத்தில் எத்தனையோ லிஃப்ட் அலாரம் கேட்ட காது அது. ஆனால் அவரே சர்வீஸ் முடித்து, பராமரிப்பு நோட்டில் கையெழுத்துப் போட்டு, மை காய்வதற்குள் ஒரு லிஃப்ட் அலறி இன்றுதான் கேட்கிறார்.

படியேறி ஓடினார். நாலாவது மாடிக் கதவில் காதை வைத்தார்.

"உள்ள யாரு?"

"நான்தான், மூணாவது மாடி பல் டாக்டர். கூட என் பேஷண்டும் இருக்கார்."

"பயப்படாதீங்க டாக்டர். கயிறெல்லாம் பத்திரமா இருக்கு. இது சந்தேகம் வந்தா நின்னுடுற வண்டி, விழுற வண்டி இல்லை."

"பயமில்லைங்க, அவசரம். பல்லு பிடுங்க ஊசி போட்டுட்டு, எக்ஸ்ரே எடுக்க மேல கூட்டிட்டுப் போனேன். மரப்பு போறதுக்குள்ள நான் கீழ இறங்கியாகணும்."

உள்ளேயிருந்து இன்னொரு குரல் கொழகொழவென்று ஏதோ சொன்னது.

"என்ன சொல்றார்?"

"வெளிய சொல்ற மாதிரி இல்லைங்க," என்றார் டாக்டர்.

மெக்கானிக் மொட்டை மாடிக்கு ஏறினார். மெஷின் அறையில் மெயின் சுவிட்சை அணைத்தார். பிரேக்கின் நெம்புகோலை ஒரு கையால் தளர்த்திக்கொண்டு, மறு கையால் இரும்புச் சக்கரத்தை மெள்ள மெள்ளச் சுற்றினார். கம்பிக்கயிற்றில் மாடிக்கு ஒன்றாக மஞ்சள் பெயிண்ட் கோடுகள் உண்டு. ஒரு கோடு சட்டத்துக்கு நேராக வந்துவிட்டால், கீழே பெட்டி ஏதோ ஒரு மாடிக்கு நேராக நிற்கிறது என்று அர்த்தம். அந்தக் கோடுகளைப் போட்டவரே அவர்தான். அதனால் கண்ணை மூடிக்கொண்டும் சுற்றலாம். இன்றைக்கு மூடவில்லை. இமைக்கக்கூட இல்லை.

கதவைத் திறந்தபோது நாற்பது நிமிஷம் ஓடியிருந்தது. டாக்டர் கைகுலுக்கினார். கன்னம் தொங்கிய பேஷண்ட் நீளமாக ஒன்று சொல்லிவிட்டுப் போனார். அது நன்றியாக இருக்க வாய்ப்பில்லை.

கோளாறைக் கண்டுபிடிக்க மெக்கானிக்குக் கால் மணி நேரம் போதுமாயிருந்தது. நாலாவது மாடிக் கதவின் பூட்டில் ஒரு சின்ன செம்புத் தகடு. கதவு சரியாகச் சாத்தியிருக்கிறது என்று லிஃப்டுக்குச் சொல்வது அதுதான். அதை இரண்டு ஸ்க்ரூ பிடித்திருக்கும். மேல் ஸ்க்ரூ இறுக்கமாக இருந்தது. கீழ் ஸ்க்ரூ ஒரு மரையில் தொங்கிக்கொண்டிருந்தது. நாலு தடவை லிஃப்ட் போய் வந்த அதிர்வில் தகடு விலகி, கதவு திறந்திருப்பதாக நினைத்து, வண்டி நடுவழியில் நின்றுவிட்டது.

மேல் ஸ்க்ரூவுக்கும் கீழ் ஸ்க்ரூவுக்கும் நடுவே என்ன நடந்தது என்பது அவருக்கு நன்றாக நினைவிருந்தது. அந்த நேரத்தில்தான் சட்டைப்பையில் போன் மணி அடித்தது. மணி என்றால் நீலவால். மூன்று எண்ணுவதற்குள் தொடாவிட்டால் தூண்டிலை அறுத்துக்கொண்டு போய்விடும்.

சூப்பர்வைசர் வந்தார். இவரைவிடப் பதினைந்து வயது இளையவர்; தொழிலை இவரிடம் பார்த்துத்தான் பழகியவர்.

"என்னண்ணே ஆச்சு?"

"மீன் கடிச்சுது."

"எதைக் கடிச்சுது?"

"தூண்டிலை. போன்ல ஒரு ஆட்டம். தூண்டிலைப் போட்டுப் பையில வெச்சிருந்தேன். அந்த நேரம் பாத்துக் கடிச்சுது. கீழ் ஸ்க்ரூவை முறுக்க மறந்துட்டேன்."

சூப்பர்வைசர் சுற்றுமுற்றும் பார்த்துக் குரலைத் தணித்தார். "ஸ்க்ரூ தேஞ்சு போச்சுன்னு எழுதிடுங்க. பழைய கட்டடம்தானே, யாரு கேக்கப் போறா?"

"தேயலையே. நான்தான் முறுக்கலை."

"அதுக்கு இல்லண்ணே..."

"இந்த நோட்டுல நான் இதுவரைக்கும் ஒரு வரி பொய் எழுதினதில்லைப்பா."

எழுதினார். 'கீழ் ஸ்க்ரூ முறுக்கப்படவில்லை. கவனக்குறைவு. என்னுடையது.' தேதி, கையெழுத்து. சூப்பர்வைசர் அதைப் படித்துவிட்டு, தலையில் அடித்துக்கொள்ளாத குறையாக, பத்து நாள் வீட்டில் இருக்கச் சொல்லி அனுப்பினார்.

மெக்கானிக்கின் வீடும் நாலாவது மாடியில்தான். அந்தக் கட்டடத்தில் லிஃப்ட் கிடையாது.

மறுநாள் மாலை அவருடைய தங்கை மூச்சிரைக்க வந்து சேர்ந்தாள். ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் வேலை. நாளெல்லாம் வெள்ளை விரிப்புகளை மடிக்கிற கை, சும்மா இருக்காது. வந்து உட்கார்ந்ததுமே நாற்காலியில் கிடந்த அவர் சட்டைகளை மடிக்க ஆரம்பித்துவிட்டாள்.

"ஊரெல்லாம் லிஃப்டைத் தூக்கி நிறுத்துற. உன்னைப் பாக்க வர்றவ நாலு மாடி ஏறிச் சாகணும். நல்ல பொழைப்புண்ணா உன்னுது."

"யாரு சொன்னா உனக்கு?"

"உன் சூப்பர்வைசர் பொண்டாட்டி எங்க ஆஸ்பத்திரில நர்ஸ். மீன் கடிச்சு வேலை போன முதல் லிஃப்ட் மெக்கானிக் நீதானாம். சிரிச்சா பாரு, எனக்கு மானம் போச்சு."

"வேலை போகலை. பத்து நாள் லீவு."

"சரி, சாப்பிட்டியா?"

அவர் மேசையைக் காட்டினார். ரொட்டி ஓரங்கள், பாதி முட்டை, ஆறிப்போன டீ. ஒரு தட்டு, ஒரு டம்ளர். இன்னொரு டம்ளர் அலமாரியில் கவிழ்த்தபடி இரண்டு வருஷமாக இருக்கிறது. அதை மகளுடையது என்று யாரும் சொல்வதில்லை. அதில் யாரும் குடிப்பதுமில்லை.

"அவ செஞ்ச ஆட்டம்தானே அது?" என்றாள் தங்கை.

அவர் மேசையில் கிடந்த ரொட்டி ஓரங்களைக் கையால் கூட்டி அள்ளினார்.

"வேண்டாத வேலைன்னு அவளை வீட்டை விட்டு ஓட்டினே. இப்போ நீயே அதுல மீன் பிடிச்சுக்கிட்டு இருக்கே."

மகளுக்குத் தாய் இல்லை. நாலு வயதிலிருந்து அவர்தான் வளர்த்தார். கணக்கில் கெட்டிக்காரி. படித்து முடித்து, போனில் ஆடும் ஆட்டங்கள் செய்யும் ஒரு கம்பெனியில் சேர்ந்தாள். என்னம்மா வேலை என்று அவர் கேட்டார். குளத்தில் தூண்டில் போட்டால் எத்தனை தடவைக்கு ஒரு தடவை அபூர்வ மீன் சிக்க வேண்டும் என்று முடிவு செய்கிற வேலை என்றாள். நீல வால் மீன் நானூறில் ஒன்று என்றாள்.

"அப்போ மிச்ச முன்னூத்தித் தொண்ணூத்தி ஒம்போது தடவை ஏமாத்துறதுக்குச் சம்பளமா?" என்று கேட்டார் அவர். "என் லிஃப்டு நானூறு தடவைல ஒரு தடவை ஒழுங்கா ஓடினா என்னை உள்ள தள்ளிடுவான். இதுக்குப் பேரு வேலை இல்லை. பித்தலாட்டம்."

அந்தச் சொல்லுக்குப் பிறகு அவள் ஒரு பெட்டியோடு வேறு ஊருக்குப் போனாள். இரண்டு வருஷம் ஆகிறது.

"பித்தலாட்டம் எப்படி இருக்கும்னு பாக்கத்தான் போன்ல ஏத்தினேன்," என்றார் மெக்கானிக் இப்போது. "பதினாலு மாசம் ஆச்சு. தினம் மதியச் சாப்பாட்டுக்கு அப்புறம் அஞ்சாறு தடவை தூண்டில் போடுவேன். அவ்வளவுதான். ஒரு விஷயம் சொல்றேன், சிரிக்கக் கூடாது."

"சொல்லு, அப்புறம் பாப்போம்."

அவர் எழுந்து ஒரு சின்ன நோட்டைக் கொண்டுவந்தார். ஒன்பது தேதிகள்.

"நீலவால் வந்த நாள். இதைப் பாரு, அவ பிறந்தநாள்."

"அவ பிறந்தநாள் இதுக்கு ரெண்டு நாள் முன்னாடி."

"மறதிக்காரிதானே. இது எனக்குக் காய்ச்சல் வந்து எழுந்த நாள். இது, அவ அம்மா போன தேதிக்கு முந்தின நாள். இது அவ முதல் சம்பளம் வாங்கின வாரம்."

தங்கையின் கை மடிப்பதை நிறுத்திவிட்டது. "என்ன சொல்ல வர்றே?"

"அவ அங்க உக்காந்துதானே முடிவு பண்றா? என் பேரு அவளுக்குத் தெரியாமலா இருக்கும்? அவதான் அனுப்புறா."

"மீனையா?"

"நேர்ல பேச ரோஷம். அதான் இப்படி. நானும் தினம் தூண்டில் போடுறேன். நான் இருக்கேன்னு அவளுக்குத் தெரியும். பேசிக்கிட்டுதான் இருக்கோம், ஒரு மாதிரி."

தங்கை சிரிக்கவில்லை. மடித்த சட்டையைப் பிரித்து மறுபடி மடித்தாள்.

"அண்ணா, ரெண்டு நாள் முன்னாடி, ஒரு நாள் பின்னாடின்னு சேத்துக்கிட்டே போனா காலண்டர்ல விசேஷம் இல்லாத நாள் எது? எங்க சலவைக்கூடத்துல இஸ்திரி போடுறவ இதே ஆட்டம்தான் ஆடுறா. போன வாரம் நீல மீனு வந்துச்சுன்னு ஊருக்கே காட்டினா. அவளுக்கு எந்த மக அனுப்பினா?"

"அது தானா வந்ததா இருக்கும்."

"அவளுக்குத் தானா வரும், உனக்கு மட்டும் மக அனுப்புவா. நல்லா இருக்கு நியாயம். மாசம் ஒரு தடவை எனக்குப் பேசுறா. உன்னைப் பத்திக் கேக்க வாயெடுப்பா, அப்புறம் வேற பேச்சுக்குப் போயிடுவா. நம்பர் இருக்கு. போட்டுத் தரட்டா?"

"வேண்டாம்."

"என்ன ரோஷம் உனக்கு? பெத்தவன்தானே நீ?"

"ரோஷம் இல்லை." அவர் ஜன்னல் பக்கம் திரும்பினார். எதிர்க் கட்டடத்துச் சுவரில் மழைத் தண்ணீர் குழாயோரமாக இறங்கிக்கொண்டிருந்தது. "உனக்குச் சொன்னதில்லை. அன்னைக்குப் படியிறங்கும்போது அவ ஒண்ணு சொன்னா. 'பித்தலாட்டம் நான் வெளிய கத்துக்கலை. இந்த வீட்டுலதான் கத்துக்கிட்டேன்.' அப்படிச் சொன்னா."

"கோவத்துல சொல்லியிருப்பா."

"கோவத்துல பொய் வராது அவளுக்கு. நான் எங்கே என்ன பித்தலாட்டம் பண்ணினேன்? ரெண்டு வருஷமா யோசிக்கிறேன். பழைய சர்வீஸ் நோட்டை எல்லாம் ஆபீஸ்ல கேட்டு வாங்கிப் புரட்டிப் பாத்துட்டேன். ஒரு ஸ்க்ரூவைக் கூட நான் பொய்யா எழுதலை. அவ என்னத்தைப் பாத்தான்னு தெரியலை. போன் பண்ணினா அதைச் சொல்லிடுவாளோன்னு..."

முடிக்கவில்லை. தங்கைக்கு அண்ணன் பயந்து பார்த்து வழக்கமில்லை. பேச்சை மாற்றினாள்.

"சின்ன வயசுல எப்படி இருப்பா! ஏணி பாம்பு ஆட்டத்துல ஆறு விழுந்தாத்தானே காய் இறங்கும்? விழலைன்னா முகத்தை மூடிக்கிட்டு அழுது நாலு மாடியையும் எழுப்பிடுவா. நீ 'விழும்டா குட்டி, விழும்டா குட்டி'ம்பே. பாத்தா விழுந்திருக்கும். ராசிக்காரின்னு நினைச்சுக்குவேன்."

மெக்கானிக் எழுந்து போய், டீ டம்ளரைக் கழுவி, கழுவினதையே இன்னொரு தடவை கழுவினார்.

தங்கை போன பிறகும், அவள் சொன்ன இஸ்திரி போடுகிறவள் மட்டும் அவர் நினைப்பை விட்டுப் போகாமல் அந்த அறையிலேயே நின்றாள்.

கோளாறு தேடுவதற்கு மெக்கானிக்குகளிடம் ஒரு முறை உண்டு. ஊகிக்கக் கூடாது. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றி, என்ன நடக்கிறது என்று எண்ண வேண்டும். இந்தப் பதினாலு மாதத்தில் அவர் தேதியைத்தான் எழுதினாரே தவிர, தூண்டிலை எண்ணவே இல்லை. முப்பத்தொரு வருஷ மெக்கானிக் செய்யக் கூடாத தப்பு.

காலையில் கருவிப் பெட்டியைத் திறந்து வாஷர் டப்பாவை எடுத்தார். தூண்டில் ஒன்றுக்கு ஒரு வாஷர். இந்தத் தகர டப்பாவிலிருந்து அந்தத் தகர டப்பாவுக்கு. போன் மேசையில் படுத்திருந்தது. குளம், மரம், ஒரு படகு. விரலால் தொட்டால் தூண்டில் விழும். அரை நிமிஷத்தில் ஒரு கெண்டையோ கிழிந்த செருப்போ வரும். ணங். அடுத்த வாஷர். ணங்.

நடுவில் ஒரு தடவை ரொட்டி தின்றார். கீழே தெருவில் காய்கறி வண்டிக்காரன் யாரோடோ சண்டை போட்டு, சமாதானமாகி, போய்விட்டான். கதவை யாரும் தட்டவில்லை. மதியம் மூன்று மணிக்கு மணி அடித்தது. நீலவால். வாஷர்களைக் கொட்டி எண்ணினார்.

முன்னூறு.

மறுநாள் எண்பத்தேழாவது வாஷரிலேயே வந்துவிட்டது. அவருக்கு மனசு துள்ளியது. அவள்தான், வேறு யார்? அன்றைக்கு ரொட்டியோடு இரண்டு முட்டை வைத்துச் சாப்பிட்டார். சாப்பிட்டுவிட்டு மறுபடி எண்ணத் தொடங்கினார். பாதியில் இருட்டிவிட்டது. டப்பாக்களை அப்படியே மூடி வைத்தார்.

மூன்றாம் நாள் மிச்சத்தையும் எண்ணி முடித்தார்.

முன்னூறு.

நாலாம் நாள் வேகமாகப் போட்டார். இருநூற்றுத் தொண்ணூற்றொன்பது வாஷர் விழுந்ததும் போனைத் தொடாமல் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார். இந்த அமைதி அவருக்குப் பழக்கமானது. மெஷின் அறையில் மெயினை அணைத்த பிறகு வருமே, அந்த அமைதி. பிறகு விரலை வைத்தார்.

"வா," என்றார்.

மணி அடித்தது. நீலவால் வந்து வாலை ஆட்டியது.

சொன்னதும் வந்த மீனைப் பார்த்துவிட்டு அவர் வாஷர் டப்பாவை மூடினார். உள்ளே ஒன்று எண்ணிக்கொண்டிருக்கிறது. அவ்வளவுதான். இடையில் வந்தால் அதிர்ஷ்டம். வராமலே போனால் முன்னூறில் அது தட்டிவிடும். அவர் லிஃப்டில் தானாகத் தட்டிக்கொள்ளும் ரிலே சுவிட்சைப் போல ஒன்று. அதற்கு அவர் பேர் தெரியாது. காய்ச்சல் தெரியாது. பிறந்தநாள் தெரியாது. இஸ்திரி போடுகிறவளுக்கும் அதேதான்.

பதினாலு மாதம் அவர் யாரோடும் பேசிக்கொண்டிருக்கவில்லை.

மேசையில் ஒரு தட்டு, ஒரு டம்ளர், இரண்டு தகர டப்பா. அவர் அந்த அறையை அப்போதுதான் முதல் தடவையாகப் பார்ப்பது போலப் பார்த்தார். அலமாரியில் கவிழ்த்த டம்ளரின் அடிப்பக்கத்தில் தூசி வட்டமாகப் படிந்திருந்தது. எழுந்து அதை எடுத்துக் கழுவினார். துடைத்தார். நிமிர்த்தி வைத்தார். பிறகு, வேண்டாமென்று சொல்லியும் தங்கை எழுதிவைத்துவிட்டுப் போயிருந்த மகளின் நம்பரைப் போட்டார். மணி நாலரை. மழை விட்டிருந்தது.

ஐந்தாவது மணியில் எடுத்தாள்.

"அலோ?"

அந்தக் குரல் கேட்டதும் யோசித்து வைத்திருந்ததெல்லாம் போய்விட்டது. "நான்தான்," என்றார்.

பின்னால் பிள்ளைகள் கத்துகிற சத்தம் கேட்டது. ஒரு கதவு சாத்தப்பட்டது. சத்தம் குறைந்தது.

"அப்பா? உடம்புக்கு ஏதாவதா?"

"ஒண்ணுமில்லை. நல்லாத்தான் இருக்கேன். நீ சாப்பிட்டியா?"

"நாலரை மணிக்கு என்னப்பா சாப்பாடு?"

"சும்மா கேட்டேன்." போனை மறு காதுக்கு மாற்றினார். "அந்த மீன் ஆட்டம் ஆடுறேன் நான். நீலவால் கெடைச்சுது. பதிமூணு."

அந்தப் பக்கம் ஒரு நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது.

"நீங்களா? அதையா?"

"நீதான் அனுப்புறேன்னு நெனைச்சுக்கிட்டு இருந்தேன்." சிரிக்க முயன்றார். வரவில்லை. "எண்ணிப் பாத்துட்டேன். இல்லைன்னு தெரிஞ்சு போச்சு. முன்னூறு தடவைக்குத் தானா வருது."

"முன்னூறா? இன்னும் முன்னூறுதானா வெச்சிருக்காங்க?"

"ஏன், உனக்குத் தெரியாதா?"

"நான் அங்க இருந்து வந்து பதினாறு மாசம் ஆச்சுப்பா. இங்க ஒரு ஸ்கூல்ல கணக்கு எடுக்கிறேன். அத்தைகிட்டக்கூடச் சொல்லலை."

பதினாறு. அவர் ஆட ஆரம்பித்ததே பதினாலு மாதத்துக்கு முன்புதான். முதல் தூண்டில் விழுந்த நாளிலேயே அந்தக் குளத்தில் அவள் இல்லை.

"ஏன்மா விட்டே?"

"முன்னூறை ஆயிரம் ஆக்கச் சொன்னாங்க. மாட்டேன்னேன். சண்டையாச்சு, வந்துட்டேன். அப்புறம் மாத்தியிருப்பாங்கன்னுதான் நெனைச்சேன். மறந்துட்டாங்க போல."

"நானூறுல ஒண்ணுன்னுதானே அன்னைக்குச் சொன்னே? முன்னூறு எங்க இருந்து வந்துச்சு?"

"நானூறுல ஒண்ணுங்கிறது அதிர்ஷ்டம். சிலருக்கு முதல் தடவையே வரும், சிலருக்கு ஆயிரம் போட்டாலும் வராது. அப்படி வராமலே இருக்கிறவங்களுக்காக முன்னூறாவது தடவைல ஒண்ணைக் குடுத்துடுன்னு உள்ள எழுதி வெச்சேன். அவங்களுக்கு அது தெரியாது. தானா விழுந்ததுன்னு நெனைச்சுக்குவாங்க."

"நீ எழுதினதா?"

"நான் எழுதினதுதான். அதைத்தான் அன்னைக்குச் சொல்ல வந்தேன். நீங்க முழுசாக் கேக்கலை."

இரண்டு வருஷமாகக் கேட்காமல் வைத்திருந்ததை இப்போது கேட்டுவிட வேண்டும். கேட்காவிட்டால் இனி எப்போதும் முடியாது.

"குட்டி, படியிறங்கும்போது ஒண்ணு சொன்னியே. பித்தலாட்டத்தை இந்த வீட்டுலதான் கத்துக்கிட்டேன்னு. நான் யாரை ஏமாத்தினேன்? என்னத்தைப் பாத்தே நீ?"

அவள் குரலைத் தணித்துக்கொண்டாள். பிறகு சொன்னாள்:

"ஆறு விழலைன்னு நான் முகத்தை மூடிக்கிட்டு அழும்போதெல்லாம், கட்டைவிரலால பகடையை மெதுவாத் திருப்பி வைப்பீங்களே... நான் விரலிடுக்கு வழியாப் பாத்துக்கிட்டுதான் இருந்தேன்ப்பா."